வெட்டியது யார்?

"ஏரிக்கரையில் 12 மரங்கள் வெட்டப்பட்டன."

பத்திரிகைத் தொழில் படிக்கும் மாணவன் இப்படிச் செய்தி எழுதிக் கொடுக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கேள்வி போட்டுத் திருப்பிக் கொடுப்பார்:

"வெட்டியது யார்?"

மாணவன் என்ன செய்வான்? மறுபடியும் ஏரிக்கரைக்குப் போக வேண்டியதுதான். டீக்கடையில் விசாரிப்பான். ஊராட்சி அலுவலகத்தில் கேட்பான். அதன் பிறகு, "சாலைக் காண்டிராக்டர் 12 மரங்களை வெட்டினார்" என்று எழுதுவான்.

இதுதான் செய்வினை. முதலில் எழுதியது செயப்பாட்டு வினை.

பிள்ளைகள் பேச்சு

தெருவில் இருந்து ஓடி வரும் பிள்ளை எப்படிக் கத்தும்?

"அம்மா! தம்பியை நாய் கடிச்சிட்டுது!"

"தம்பி நாயால் கடிக்கப்பட்டான்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. பேச்சில் வராத அந்த நடை, பேனாவை எடுத்ததும் வந்து விடுகிறது!

அதை விரட்ட ஒரு பயிற்சி உண்டு. எழுதியதில் "பட்டது", "பட்டான்" என்று வரும் இடங்களில் மாணவர்கள் கோடு போட வேண்டும். ஆசைப்பட்டான், கஷ்டப்பட்டாள் போன்றவற்றை விட்டு விடலாம். அவை செயப்பாட்டு வினை அல்ல. அரசாங்க அறிக்கையை எடுத்துக் கோடு போட்டால், பென்சில் தேய்ந்து விடும்.

ரீகன் பேச்சு

அமெரிக்கா ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது 1986-ம் ஆண்டு அம்பலம் ஆயிற்று. 1987 ஜனவரியில் ஜனாதிபதி ரீகன் நாடாளுமன்றத்தில் பேசினார்.

"பெரிய தவறுகள் செய்யப்பட்டன" என்றார்.

பொறுப்பு தம்முடையது என்றும் அதே பேச்சில் சொன்னார். ஆனாலும், தவறு செய்தவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினையில் ஆள் ஒளிந்து கொள்ள இடம் உண்டு.

அவசரம் கூடாது

அதற்காக, தெரியாத ஆளைத் திருடன் ஆக்கி விடக்கூடாது.

ஒருவரைப் போலீசார் பிடித்து இருக்கிறார்கள். கோர்ட்டு இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. "அவர் நகையைத் திருடினார்" என்று எழுதினால், அதுவும் செய்வினைதான். ஆனால், அவர் நிரபராதியாக இருந்தால்? அவருடைய மனைவியும் பிள்ளைகளும் தெருவில் தலைகாட்ட முடியுமா?

"நகை திருடியதாக ஒருவரைப் போலீசார் கைது செய்தனர்" என்று எழுத வேண்டும். கைது செய்தது போலீசார். அது நடந்தது. அதற்கு மேல் எழுதக் கோர்ட்டு தீர்ப்பு வர வேண்டும்.

திருடியவர் யார் என்றே தெரியவில்லையா? "நகை திருட்டுப் போய்விட்டது" என்று எழுதலாம். வீட்டில் எல்லோரும் அப்படித்தானே சொல்லுகிறார்கள்!