இரும்புக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம்

கிளட்ச் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். சாதாரணக் காருக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்தால், சொந்தக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு வருவார். கார்வெட் காரின் சொந்தக்காரருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவருடைய வண்டியில் கிளட்ச் தகட்டைத் தொட வேண்டுமானால், முதலில் வண்டியின் பின்பாதியையே கழற்றிக் கீழே இறக்க வேண்டும்!

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் செவர்லே கம்பெனி 1953-ம் ஆண்டு முதல் தயாரித்து வரும் பந்தய ரகக் கார்தான் கார்வெட். அதில் ஐந்தாவது தலைமுறை வண்டிகள் 1997 முதல் 2004 வரையிலான மாடல்கள். கென்டக்கி மாகாணத்தில் உள்ள பவுலிங் கிரீன் என்ற ஊரில் இவை உருவாயின. கடைசியாக வந்த வண்டிக்கே இன்று இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும், ஆசையோடு வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

இந்த வண்டியின் பின்பாதியை இறக்கி, கிளட்சை மாற்றும் சமயத்தில் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்பார்: “உள்ளே இருக்கிற ரப்பர் கப்ளிங் இரண்டையும் மாற்றிவிடலாமா?”

கிளட்ச் மாற்ற வந்த இடத்தில் ரப்பர் எங்கிருந்து வந்தது? நம்மிடம் கூடுதலாகப் பணம் பறிக்கப் பார்க்கிறாரா? சொந்தக்காரருக்கு இப்படித் தோன்றுவது இயற்கை. பதில் சொல்லுமுன் அந்த ரப்பரின் கதையைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

கியர் பெட்டி எங்கே?

பின்சக்கரத்தை ஓட்டும் சாதாரணக் காரில் முன்னால் என்ஜின், அதன் முதுகில் கிளட்ச், அதற்கு அடுத்தாற்போல் கியர் பெட்டி என்று ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டியை அமைத்த என்ஜினீயர்கள் கியர் பெட்டியை அங்கிருந்து பெயர்த்து, பின்சக்கரங்களுக்கு அருகே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? பாரத்தைப் பங்கிடத்தான். கனமான என்ஜினும் கியர் பெட்டியும் முன்னாலேயே இருந்தால் மூக்கு கனத்துவிடும். வேகமாகத் திருப்பும்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. கியர் பெட்டி பின்னால் போனதால் முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறைய சரிபாதியாகிவிடுகிறது.

ஆனால் இந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. கிளட்ச் மட்டும் என்ஜினோடு முன்னாலேயே தங்கிவிட்டது. அதற்கும் கியர் பெட்டிக்கும் இடையே நீளமான அலுமினியக் குழாய் ஒன்று முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. குழாய்க்குள் ஒரு ஷாப்ட் சுழல்கிறது. அந்த ஷாப்டின் முன்நுனியில் ஒன்று, பின்நுனியில் ஒன்று என்று இரண்டு ரப்பர் கப்ளிங்குகள். வெளியிலிருந்து பார்த்தால் இவை கண்ணுக்கே தெரியாது.

வினாடிக்கு 400 அடி

1997-ல் வந்த வண்டியின் என்ஜினுக்கு எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர் கொள்ளளவு, 345 குதிரைச் சக்தி. நிமிஷத்துக்கு 6,000 சுற்று வரை அது ஓடும். அதாவது வினாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு சிலிண்டர்கள் வெடிக்கின்றன. ஆகவே வினாடிக்கு 400 முறை அந்த ஷாப்டின் மேல் உதை விழுகிறது. சிக்னலில் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதுகூட, கிளட்ச் மிதியை விட்டிருந்தால், வினாடிக்குச் சுமார் 50 உதை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியர் பெட்டி முன்னால் இருக்கும் காரில், கீழ்க் கியர்களில் போகும்போது பின்னால் ஓடும் ஷாப்ட் என்ஜினைவிட மெதுவாகவே சுழலும். இங்கே அப்படியல்ல. எந்தக் கியரில் போனாலும் என்ஜின் சுற்றும் வேகத்திலேயே ஷாப்டும் சுற்றியாக வேண்டும்.

இத்தனை உதையையும் இரும்போடு இரும்பை முடுக்கித் தாங்கவைத்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் உதையும் நேரே பற்சக்கரங்களின் மேல் விழும். வண்டி முழுவதும் கடகடக்கும். அதனால்தான் நடுவே ரப்பரை வைத்தார்கள். மோட்டார் சைக்கிளின் பின்சக்கர ஹப்புக்குள் ரப்பர்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் இதே உத்தியோகம்தான்.

கப்ளிங்கின் அமைப்பு மிகவும் எளிது. பருமனான ஒரு ரப்பர் வளையம். அதில் ஆறு துவாரம். ஒவ்வொரு துவாரத்திலும் ஓர் உலோகப் புஷ். என்ஜின் பக்கத்து முக்காலி ஒன்று, ஷாப்ட் பக்கத்து முக்காலி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று துவாரங்களில் ஒரு முக்காலியின் கால்களும், மற்ற மூன்றில் மற்றதன் கால்களும் முடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு முக்காலிகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அத்தனை சக்தியும் ரப்பர் வழியாகவே கடந்து போகிறது!

மிலான் நகரத்து என்ஜினீயர்

இத்தகைய ரப்பர் இணைப்புக்கு இத்தாலியில் ‘ஜூபோ’ என்று பெயர். ‘ஜூந்தோ போஸ்கி’, அதாவது போஸ்கியின் இணைப்பு என்பதன் சுருக்கம் அது. அன்டோனியோ போஸ்கி (1896–1988) பிரெல்லி ரப்பர் கம்பெனியில் பணியாற்றிய என்ஜினீயர்.

ரப்பரின் குணம் அவருக்கு அத்துபடி. அமுக்கினால் ரப்பர் எவ்வளவும் தாங்கும். இழுத்தால்தான் சீக்கிரம் கிழியும். வளையம் சுழலும்போது அதன் ஒரு பகுதி அமுங்குகிறது; அடுத்த பகுதி இழுபடுகிறது. அந்த இழுபடும் பகுதியை எப்படிக் காப்பாற்றுவது? வளையத்தை முன்கூட்டியே நெருக்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது! அப்போது இழுப்பு வந்தாலும் ரப்பருக்கு நெருக்கம் குறையுமே தவிர, உண்மையான இழுவை ஏற்படாது.

1972-ல் வந்த ஆல்பெட்டா என்ற ஆல்பா ரோமியோ காரிலும் கியர் பெட்டி பின்னால்தான். அதன் ஷாப்டில் இப்படி மூன்று வளையங்கள். புது வளையம் பெட்டியிலிருந்து வரும்போதே அதைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இறுகக் கட்டியிருக்கும். ஆறு போல்ட்டும் ஏறிய பிறகுதான் அந்தப் பட்டையை அறுத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே அறுத்துவிட்டால் வளையம் விரிந்துவிடும், துவாரங்கள் பொருந்தாது.

போஸ்கிக்கு இன்னொரு முகமும் உண்டு. அவரும் அவருடைய மனைவி மரியெடா டி ஸ்டெபானோவும் வாழ்நாள் முழுவதும் ஓவியங்களும் சிற்பங்களும் சேகரித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கலைச் செல்வத்தை 1974-ல் போஸ்கி மிலான் நகரத்துக்கே கொடுத்துவிட்டார். அவர்கள் வாழ்ந்த வீடு 2003 முதல் பொதுமக்கள் பார்க்கும் கலைக்கூடமாக இருக்கிறது. ஓவியம் பார்க்க அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ரப்பர் வளையம் ஞாபகத்துக்கு வருமோ!

ரப்பருக்கும் வயது உண்டு

மறுபடியும் கார்வெட்டுக்கு வருவோம். ஷாப்ட் ஓடும் குழாயின் அருகிலேயே சூடான புகைக் குழாய்களும் போகின்றன. உஷ்ணம், எண்ணெய்க் கசிவு, காற்று மூன்றும் ரப்பருக்குப் பகை. நாளடைவில் அது கெட்டிப்பட்டு, புஷ்களின் ஓரத்தில் வெடிப்பு விடுகிறது. வண்டி அதிகம் ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறாமல் இருப்பதில்லை.

வளையம் கெட்டுவிட்டதற்கு அறிகுறி என்ன? கிளட்சை விட்டு வண்டி கிளம்பும்போது ‘டக்’கென்று ஓர் அடி, குறிப்பிட்ட வேகத்தில் உடல் கூசும்படி ஓர் அதிர்வு, நின்ற நிலையில் கடகடச் சத்தம் ஆகியவைதான். மிதியை அழுத்தியதும் அந்தச் சத்தம் அடங்கினால், கோளாறு கிளட்சுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது என்று ஊகிக்கலாம். அது ஷாப்டின் பேரிங்காகவும் இருக்கலாம். கியர் பெட்டியாகவும் இருக்கலாம். திறந்து பார்த்தால்தான் உறுதி.

கவனிக்காமல் விட்டால் வளையம் கிழியும். கிழிந்தால் ஷாப்ட் நடுவை விட்டு விலகி ஆடும். அந்த ஆட்டம் பேரிங்குகளைத் தின்னும். முற்றினால் அலுமினியக் குழாயையும் பதம் பார்க்கும். வளையத்தோடு போகவேண்டிய செலவு முழுக் குழாயின் செலவாகிவிடும். அதற்காக, மாற்றிச் சில மாதமே ஆன கிளட்சைத் தாண்டி, மறுபடியும் பின்பாதியை இறக்க வேண்டும்!

எதை மாற்றுவது? எதை விடுவது?

கிளட்சை அடைவதற்குப் புகைக் குழாய்கள் வெளியேற வேண்டும். பின்பக்கத்துச் சட்டம், குறுக்கே கிடக்கும் வில், கியர் பெட்டி எல்லாம் இறங்க வேண்டும். பிறகுதான் நீளக் குழாயைப் பின்னோக்கி உருவ முடியும். கூலியில் பெரும்பங்கு இந்த வழிக்குத்தான் போகிறதே தவிர, தகட்டை மாற்றுவதற்கு அல்ல. வழி ஒரு தடவை திறந்துவிட்டால், அருகில் இருப்பதை மாற்ற ஆகும் கூடுதல் கூலி சொற்பமே.

அப்படியானால் மெக்கானிக் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கேள்வி கேட்டால் போதும். இது நாளடைவில் நிச்சயம் தேயக்கூடியதா? இதை அடைய மறுபடியும் இதே கூலி கொடுக்க வேண்டுமா? இது கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்குமா?

ரப்பர் வளையங்கள் மூன்றுக்கும் ‘ஆம்’ என்கின்றன. ஷாப்டின் பேரிங்குகளும் அப்படியே. கிளட்சைத் தள்ளும் எண்ணெய்ச் சிலிண்டரும், என்ஜினின் பின்பக்க எண்ணெய் சீலும் இதே பட்டியல்தான். அவை கசிந்தால் புதுத் தகடே பாழ். ஆனால் ஷாக் அப்சார்பரை எப்போது வேண்டுமானாலும் தனியாகக் கழற்றலாம். அதை இப்போதே மாற்ற வேண்டும் என்று அவசரப்படுத்தினால், ‘பிறகு பார்க்கலாம்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

வேறொரு யோசனையும் வரும். “ரப்பர் எதற்கு? கெட்டியான பாலியூரித்தேன் போடுங்கள், கிழியவே கிழியாது” என்பார்கள். பந்தயத்துக்கே வண்டி வைத்திருப்பவருக்கு அது பொருந்தலாம். தினமும் சாலையில் போகிறவருக்கு அவ்வளவு உசிதமல்ல. வளையம் விழுங்காத உதையைக் கியர் பெட்டிதான் விழுங்க வேண்டும். சத்தத்தைச் சொந்தக்காரரின் காது விழுங்க வேண்டும்.

பொருத்துவதிலும் சிரத்தை வேண்டும். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முடுக்காமல், அளவு காட்டும் ஸ்பானரால் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது வண்டி வெறும் ஜாக்கியின் மேல் நிற்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் அவசியம். இறங்குவது லேசான சாமான் அல்ல, கீழே இருப்பது மனித உயிர்.

எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது பழைய வளையங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையால் சற்று வளைத்தால் போதும். புஷ்ஷைச் சுற்றி வெடிப்பு வாய் திறந்தால், கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று தெரிந்துவிடும். வெடிப்பே இல்லையென்றாலும் வருத்தப்பட வேண்டாம். இருபது வருஷம் உதை வாங்கிய ரப்பர் அது. அதற்கு ஓய்வு கொடுக்க, வழி திறந்திருக்கிற இந்த நாளைவிட மலிவான நாள் கிடைக்காது.