டீ, வடை காசுக்கு உயிரை விடாதீங்க! கொல்லிமலையில் பைக் இறக்கும் வாலிபர்களே உஷார்

நாமக்கல்:
சென்னையில் இருந்து 350 கி.மீ.க்கு மேல் பைக் ஓட்டி கொல்லிமலை ஏறும் வாலிபர்கள் சிலர், இறங்கும்போது கோட்டை விடுகிறார்கள். காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். "இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்" என்று என்ஜினை ஆப் செய்து நியூட்ரலில் விடுகிறார்கள். மிஞ்சிப்போனால் டீ, வடை காசு மிச்சமாகும்!

என்ன ஆபத்து? என்ஜின் இழுத்துப் பிடிக்காததால் முழு பாரமும் பிரேக் தலையில் விழும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஷூ சூடேறி பிடிமானம் போய்விடும். டிஸ்க் பிரேக் என்றாலும், அதில் உள்ள ஆயில் கொதித்தால் லிவர் பொசுக்கென்று உள்ளே போகும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏறின கியரிலேயே இறங்குங்க. பிரேக்கை விட்டு விட்டு பிடிங்க. தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆற விடுங்க. அவசரப்பட்டு தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்.