அலை எங்கிருந்து புறப்பட்டது?

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். வாழைச்சேனையிலிருந்து வாகரைக்கு 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மோட்டார் சைக்கிளில் மணிக்கு 60. திரும்பும்போது பின்னால் மீன்பெட்டி, மணிக்கு 30. சராசரி 45 என்றுதான் வாயில் வரும். ஆனால் போக அரை மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். 60 கிலோமீற்றரை ஒன்றரையால் வகுத்தால் சராசரிக் கதி 40. சராசரி வேகமோ பூச்சியம்! புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி இல்லை. எரிந்த பெற்றோலை இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது.

தொடங்கிய இடம், முடிந்த இடம், இடையில் போன நேரம். சராசரி வேகத்துக்கு இந்த மூன்றும் போதும். முதலாவது பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாகரைக் கடலிலேயே கணக்கு இருக்கிறது.

2004 டிசம்பர் 26, காலை 6.58. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் அலை நம் கிழக்குக் கரையில். அதிர்வு மையத்திலிருந்து இங்கே சுமார் 1,600 கிலோமீற்றர். வகுத்தால் மணிக்கு 900க்கும் மேல் வருகிறது. இங்கேதான் இடிக்கிறது. சுனாமியின் கதியைத் தீர்மானிப்பது கடலின் ஆழம்: ஆழத்தை ஈர்ப்பு முடுக்கம் 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 713 கிலோமீற்றர். வழி முழுவதும் அந்த ஆழம் இருந்தாலும் சராசரி அதைத் தாண்ட வழியே இல்லை.

வகுத்ததில் பிழையில்லை, தொடங்கிய இடம்தான் பிழை. கடலடி ஒரு புள்ளியில் உடையவில்லை. பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை ஓடியது. நம் கரைக்கு முதலில் வந்தது அந்தப் பக்கத்து அலை. நிக்கோபாரிலிருந்து இங்கே சுமார் 1,200 கிலோமீற்றர்தான். ஒன்றே முக்காலால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 690 அளவில் வரும். இப்போது கணக்கு பொருந்துகிறது.

ஆனால் இந்த 690 கரையில் நிற்பவருக்கு எதையும் சொல்லாது. ஆழம் 10 மீற்றராகக் குறைந்ததும் அலையின் கதி மணிக்கு 36தான். அதுவும் சாதாரண மனிதக் காலுக்கு எட்டாத ஓட்டம். கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.