ஒரு நிமிஷம் கேளுங்க சார்!

யாரோ செய்த தப்புக்கு நாம மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்?

1971-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில், ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கலவரம், பொருட்கள் உடைந்தன. டுவைட் லோபஸும், கூடவே குறைந்தது 75 மாணவர்களும் சஸ்பெண்ட்! தான் எதையும் உடைக்கவில்லை என்றார் லோபஸ். ஆனால் அவரை யாரும் விசாரிக்கவே இல்லை. 10 நாள் வரை அப்படி நீக்க, அங்கே தலைமை ஆசிரியருக்குச் சட்டமே இடம் கொடுத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-ல், 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: என்ன குற்றம்னு மாணவனிடம் சொல்லணும், மறுத்தால் ஆதாரத்தை விளக்கி, அவன் பக்கத்தையும் கேட்கணும். வக்கீல் தேவையில்லை; சில நிமிடப் பேச்சே போதும். ஆபத்து நேரத்தில் மட்டும் முதலில் வெளியே அனுப்பிவிட்டு, சீக்கிரமே விசாரிக்கலாம்.

அந்தச் சில நிமிடம் மாணவனை மட்டுமா காப்பாத்துது? தப்பான தண்டனை கொடுத்த பழியிலிருந்து ஆசிரியரையும்தான்!