கல்லும் ஒளியும் – 9: தோட்டின் பின்புறம்

பட்டை தீட்டிய கல், கணினிக்குள் போகும்போது வெறும் தளங்களின் கூட்டமாகிவிடுகிறது. வட்ட வடிவ பிரில்லியன்ட் வெட்டில் 57 பட்டைகள். கீழ் நுனியையும் தீட்டினால் 58. ஒவ்வொன்றும் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது, கல்லின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொன்னால் முழுக் கல்லும் நினைவகத்தில் எழுந்து நிற்கும். ஏற்கெனவே தீட்டி முடித்த கல்லானால், அதைச் சுழல்மேசையில் வைத்து மெல்லச் சுற்றி, அதன் நிழலுருவைக் கமெரா பலநூறு கோணங்களில் பிடிக்கிறது. அந்த நிழல்களின் விளிம்புகளிலிருந்து தளங்களைக் கணித்து எடுத்துவிடலாம். இஸ்ரேலின் சரின் நிறுவனம் உருவாக்கிய இத்தகைய கருவிகள் வைரத் தொழிலில் பரவலாக இருக்கின்றன. கல்லைத் தீட்டுவதற்கு முன்பே வடிவமைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ரொபர்ட் ஸ்ட்ரிக்லாண்ட் எழுதிய ஜெம்கேட் மென்பொருள் 1980களிலிருந்தே துணை.

அடுத்த வேலை கதிர்களை அனுப்புவது. ஒரு கதிர் பட்டையில் படும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தெறிக்கிறது, எவ்வளவு முறிந்து வெளியேறுகிறது என்று கணக்கிட்டு, அது கல்லை விட்டுப் போகும்வரை பின்தொடர வேண்டும். இலட்சக்கணக்கான கதிர்களுக்கு இதைச் செய்தால் கல்லின் முகம் திரையில் தெரியும். அவதிக்கோணமும், அதைத் தாண்டிய கோணத்தில் மோதும் கதிர் வெளியேறாமல் உள்ளேயே திரும்பும் முழு உட்தெறிப்பும் சென்ற வாரம் வந்துவிட்டன. அவதிக்கோணம் வைரத்துக்கு 24.4 பாகை, நீலக்கல்லுக்கு ஏறத்தாழ 34.5 பாகை என்ற இரண்டு எண்கள் நினைவில் இருந்தால் போதும்.

கணினி வருமுன்பே இந்தக் கணக்கைக் கையால் போட்டவர் மார்செல் டோல்கொவ்ஸ்கி. அன்ட்வேர்ப்பின் வைரக் குடும்பத்துப் பிள்ளை, பொறியியல் படித்தவர். 1919இல் வெளியிட்ட சிறு நூலில் கல்லை நடுவே வெட்டிய குறுக்குமுகமாக எடுத்துக்கொண்டு, அதற்குள் கதிர்களை வரைந்தார். மேசையின், அதாவது கல்லின் உச்சியிலுள்ள தட்டைப் பட்டையின், அகலம் கல்லின் விட்டத்தில் 53 சதவீதம், மேற்பட்டைகளின் சாய்வு 34.5 பாகை, அடிப்பட்டைகளின் சாய்வு 40.75 பாகை என்பது அவர் கண்ட விடை. வைர வணிகம் பல பத்தாண்டுகள் இந்த எண்களையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் கதிர்கள் ஒரே தளத்தில் ஓடுவதில்லை. பக்கவாட்டுப் பட்டைகள் அவற்றைத் திருப்பி முப்பரிமாணத்தில் சிதறடிக்கின்றன. ஒரு தாளில் ஒரு மனிதரால் அதைத் துரத்த முடியாது.

துரத்த முடிந்தபோது விடை மாறியது. அமெரிக்க இரத்தினவியல் நிறுவகம் 1998இல் பிரகாசம் பற்றிய தன் கணினி ஆய்வை வெளியிட்டது. 2001இல் நிறப்பொறி, அதாவது ஒளி நிறங்களாகப் பிரிந்து தெரிவது, பற்றிய ஆய்வு வந்தது. ஒரே ஒரு சிறந்த வெட்டு கிடையாது, வெவ்வேறு அளவுச் சேர்க்கைகள் பல சம அளவில் ஒளியைத் திருப்பித் தருகின்றன என்பது முதல் ஆய்விலேயே தெளிவானது. பின்னர் 3 கோடியே 85 இலட்சம் அளவுச் சேர்க்கைகளுக்குக் கணக்குப் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. உண்மையான வைரங்களை வணிகர்களிடமும் வாங்குவோரிடமும் காட்டி, 70,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளைத் திரட்டி, கணினியின் தீர்ப்பைக் கண்ணின் தீர்ப்போடு ஒப்பிட்டார்கள். பிரகாசத்துக்கு முதலில் வகுத்த அளவை கண்ணோடு சரியாக ஒத்துப்போகாததால் திருத்தப்பட்டது. 2006இல் இந்த நிறுவகத்தின் சான்றிதழ்களில் வெட்டுத் தரம் ஏறியது இத்தனைக்கும் பிறகுதான். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி அந்தத் திருத்தம்.

ஏன் திருத்த வேண்டியிருந்தது? கணினிக்குக் கல்லை மட்டும் சொன்னால் போதாது. வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும், பார்ப்பவரையும் சொல்ல வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக ஒளி கொட்டும் வெள்ளைக் கூரையைக் கற்பனை செய்து கணித்தால் கல் பிரகாசமாகத் தெரியும். ஆனால் குனிந்து பார்ப்பவரின் தலை, கல்லுக்கு நேர் மேலே வரும் ஒளியை மறைக்கிறது. அமெரிக்க இரத்தினக்கல் சங்கத்தின் ஆய்வுகூடம் பயன்படுத்திய முறை இதை நிறங்களால் காட்டியது. கல்லின் மட்டத்திலிருந்து 45 பாகைவரை வரும் ஒளி பச்சை, 45 முதல் 75வரை சிவப்பு, அதற்கு மேல் தலை மறைக்கும் பகுதி நீலம். சிவப்பு நிறைந்து, நீலம் ஒழுங்கான கோலமாக அமைந்த கல் நல்ல கல்.

இவையெல்லாம் வைரத்துக்கான கணக்குகள். இலங்கைக்கு உரியது நீலக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். இரத்தினச் சரளை இங்கே கிடையாது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கு வரும் இலங்கைக் கல், இரத்தினபுரி போன்ற தெற்கத்திய ஆற்றுப் படுகைகளிலிருந்து வருவது. அந்தப் பாறைகளை முறையாக ஆராய்ந்த முதல்வர்களுள் ஒருவர், யாழ்ப்பாணப் பூர்வீகம் கொண்ட குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறியுமுன் அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பணியின் தலைவராக இருந்தார். செரெண்டிபைட் என்ற புதிய கனிமத்தை ஜி. டி. பிரையரோடு சேர்ந்து 1903இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. இந்த முகத்தை நம் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நீலக்கல்லுக்கு வருவோம். டோல்கொவ்ஸ்கியின் குறுக்குமுகத்தையே எடுத்துக்கொண்டால், மேலிருந்து நேரே இறங்கும் கதிர் அடிப்பட்டையின் சாய்வுக்குச் சமமான கோணத்தில் முதலில் மோதும். எதிர்ப் பட்டையில் மோதும் கோணம், 180இலிருந்து அந்தச் சாய்வின் மூன்று மடங்கைக் கழித்தால் வருவது. இரண்டுமே அவதிக்கோணத்தைத் தாண்ட வேண்டும். நீலக்கல்லில் இது 34.5 பாகைக்கும் 48.5 பாகைக்கும் இடையில்தான் நடக்கும்: 14 பாகை அகலம். வைரத்துக்கு 24.4 முதல் 51.9வரை, கிட்டத்தட்ட இரு மடங்கு இடம். நீலக்கல்லின் அடி 34.5க்குக் கீழே தட்டையானால் ஒளி முதல் மோதலிலேயே பின்னால் ஒழுகிவிடும். கல்லைப் பத்திரிகைமேல் வைத்தால் எழுத்து தெரிவது இதனால்தான். 48.5க்கு மேல் ஆழமானால் இரண்டாவது மோதலில் ஒழுகி நடு இருண்டுவிடும். உள்ளூர்ப் பட்டைகாரர்கள் எடையைக் காப்பதற்காக அடியைக் கனமாக விட்ட பழைய இலங்கை வெட்டுக்கு இந்த இரண்டாவது ஆபத்து அதிகம். கரட் கணக்கில் விலை போகும் கல்லில் எடையை இழக்க யார் துணிவார்?

இதுவரை கல்லின் பின்னால் காற்று இருப்பதாகவே கணக்கு. தோட்டின் பின்னால் சுத்தமான காற்று இருப்பதில்லை. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் காதோரம் இறங்கி, சுரையைத் தாண்டி, கல்லின் அடியில் படிகிறது. நாள்பட அணிந்த நீலக்கல் தோட்டைத் திருப்பிப் பார்த்தால், கொக்கிகளுக்கும் பட்டைக்கும் இடையிலான மூலைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கும்: எண்ணெய், சவர்க்காரம், பவுடர், தோலின் செதில், துணியின் நூல். இந்தப் பசை கணினி மாதிரியில் என்ன செய்கிறது என்பது இந்தத் தொடரில் இதுவரை வந்தவற்றுள் மிக அழகான கணக்கு.

தேங்காயெண்ணெயின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.45. காற்றுக்குப் பதில் எண்ணெய் என்றால் வைரத்தின் அவதிக்கோணம் 24.4இலிருந்து 36.9 பாகைக்கு ஏறுகிறது, நீலக்கல்லுடையது 34.5இலிருந்து 55.2க்குப் பாய்கிறது. 42 பாகையில் அடி தீட்டிய நீலக்கல்லில் நேர்க்கதிர் 42இலும் பிறகு 54இலும் மோதுகிறது. இரண்டுமே 55.2க்குக் குறைவு. ஆகவே எண்ணெய் பட்டவுடன் ஒளி முழுவதும் பின்னால் ஓடிவிடும் என்று முடிவுகட்டத் தோன்றும்.

அந்த முடிவு தவறு. கல்லை விட்டு எண்ணெய்க்குள் இறங்கிய கதிர், எண்ணெயின் மறுமுகத்தில் காற்றைச் சந்திக்கிறது. படலம் மெல்லியதாய், பட்டைக்கு இணையாய், தெளிவாய் இருந்தால், கல்லிலிருந்து நேரே காற்றுக்குத் தப்ப முடியாத கதிர் எண்ணெய் வழியாகவும் தப்ப முடியாது. 42 பாகையில் மோதிய கதிர் எண்ணெய்க்குள் 54.6 பாகையில் சாய்ந்து போய், மறுமுகத்தில் முழுதாகத் தெறித்து, மீண்டும் கல்லுக்குள் திரும்புகிறது. முறிவு விதியின்படி முறிவுச்சுட்டியும் கோணத்தின் சைனும் சேர்ந்த பெருக்கம் ஒவ்வொரு படலத்திலும் மாறாமல் இருப்பதே காரணம். தெளிந்த எண்ணெய் மட்டும் ஒரு தோட்டை மங்கச் செய்வதில்லை!

மங்கச் செய்வது எண்ணெய் பிடித்து வைத்திருக்கும் அழுக்கு. நீலக்கல்லில் நேர்க்கதிர் இரண்டு மோதலிலும் எண்ணெய்க்குள் போய்த்தான் திரும்புகிறது. இரண்டாவது மோதலில் 80 பாகைச் சாய்வில், படலத்தின் நீளவாக்கிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு தூசித் துகளும் அதன் வழியில் நின்று ஒளியைச் சிதறடிக்கிறது. வைரத்திலோ 40.75இலும் 57.75இலும் மோதும் நேர்க்கதிர், 36.9 என்ற எல்லைக்கு மேலே இருப்பதால் எண்ணெய்க்குள் இறங்குவதேயில்லை. சாய்ந்து வரும் கதிர்களே இறங்கி மாட்டுகின்றன. ஒரே அழுக்கு, இரண்டு கற்களுக்கு இரண்டு தண்டனை. மூலைகளில் துளியாகத் திரண்ட எண்ணெய் இன்னும் மோசம்: அதன் மறுமுகம் பட்டைக்கு இணையாக இராததால் கதிர் வெளியே தப்பவும் செய்யும், உலோகத்தில் மோதி மங்கவும் செய்யும்.

வைரத்துக்கும் எண்ணெய்க்கும் இருக்கும் உறவு சுரங்கக்காரர்களுக்குப் பழைய செய்தி. வைரம் நீரில் நனைவதை விரும்பாது, கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாபிரிக்காவின் கிம்பர்லியில் கொழுப்புப் பூசிய மேசைகளின்மேல் சரளையையும் நீரையும் ஓடவிட்டார்கள். மற்றக் கற்கள் வழுக்கிப் போயின, வைரங்கள் ஒட்டி நின்றன. காதில் கிடக்கும் வைரமும் அதே இயல்போடுதான் எண்ணெயைப் பிடிக்கிறது. பத்தர்கள் நகையைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் போட்டு மென்மையான தூரிகையால் தேய்ப்பது, இந்தக் கணக்கில் பார்த்தால், இழந்த பட்டைகளை மீட்டுத் தரும் வேலை. தேய்க்க வேண்டியது கல்லின் அடியை. முகத்தைத் துடைத்து என்ன பயன்?

இங்கே பழைய மூடிய கட்டின் நியாயமும் விளங்குகிறது. கல்லின் பின்புறத்தைப் பொன்னால் அடைத்து, உள்ளே பளபளக்கும் தகட்டை வைத்துவிட்டால் எண்ணெய்க்கு வழியில்லை. தட்டையான கல்லிலிருந்து ஒழுகும் ஒளியையும் தகடு திருப்பி அனுப்பும். கணினியில் இதை மாதிரியாக்க, அடிப்பட்டைகளுக்குப் பின்னால் காற்றுக்குப் பதில் உலோகத்தின் தெறிப்பளவை வைத்தால் போதும். அவதிக்கோணத்துக்குக் குறைவாகத் தீட்டிய கல் அங்கே பிழைத்துக்கொள்கிறது. திறந்த கட்டுக்கு மாற்றினால் அதே கல் மங்கிவிடும். பாட்டியின் தோட்டை உருக்கிப் புதுமுறையில் கட்டக் கொடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

தோட்டில் விழும் வெளிச்சமும் ஆய்வுகூடத்தில் கருதப்படும் வெளிச்சமன்று. மோதிரக் கல் வானத்தைப் பார்க்கும். தோட்டின் மேசை பக்கவாட்டைப் பார்க்கும். அதன் அரைக்கோளத்தில் மேல்பாதி வானம், கீழ்பாதி தரை. வலிகாமத்துச் செம்மண் முற்றமும் வடமராட்சியின் வெண்மணலும் ஒரே தோட்டுக்குள் ஒரே அளவு ஒளியை அனுப்பா. வெண்மணலிலிருந்து எழும் ஒளியை மாதிரியில் சேர்த்தால் கீழ்ப்பாதிப் பட்டைகள் விழித்துக்கொள்கின்றன. சான்றிதழில் இருக்கும் தரம் இதைச் சொல்லாது. தோட்டுக்கென்று தனி ஒளி மாதிரி வகுப்பது பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப் பொருளாகும். கதிர்பின்தொடரும் கணிப்பு இன்று சாதாரண மடிக்கணினியிலேயே நடக்கிறது.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த மினுக்கம், அதாவது தலை அசையும்போது கல் டாலடிப்பது, எண்ணெய்க்கு இடம் விட்டு அடுத்த வாரத்துக்குப் போகிறது. அசைவைக் கணிக்க ஒரே கல்லைச் சிறு சிறு சாய்வுகளில் பலமுறை கணித்து, எந்தப் பட்டை எப்போது பற்றி எப்போது அணைகிறது என்று எண்ண வேண்டும். அதோடு மாத்தறை வைரம் என்று பெயர் பெற்ற சிர்க்கோனும் வருகிறது. அதற்குள் நுழையும் கதிர் பொதுவாக இரண்டாகப் பிரிவதால், மாதிரியும் இரண்டு கதிர்களைச் சேர்த்தே துரத்த வேண்டியிருக்கும்.

(தொடரும்)