செயற்கைக் கஞ்சாவும் சட்டமும்

சட்டம் தடை செய்யாத பொருளைப் புகைப்பது குற்றமாகுமா? இவ்வினாவைச் சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஆயரிடம் எழுப்புவாராயின், விடையளிக்குமுன் அப்பொருள் இன்னதென்று ஆயர் அறிந்திருத்தல் வேண்டும். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள்தொட்டு வெளியூர் வாலிபர் வந்து தங்கும் ஊர் அது. கடலூரோ ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம். எனவே இது நம் சபைகளுக்குப் புறம்பான வினா அன்று.

செயற்கைக் கஞ்சா எனப்படுவது கஞ்சாச் செடியினின்று கிடைப்பதன்று. அமெரிக்க நாட்டுக் கிளெம்சன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஜான் ஹஃப்மன், மூளையிலுள்ள ஏற்பிகளை ஆராயும் பொருட்டுப் பல சேர்மங்களை ஆக்கினார். அவற்றுள் ஒன்றாகிய ஜே.டபிள்யூ.எச்.-018, 'ஸ்பைஸ்' என்னும் பெயரால் ஐரோப்பாவில் விற்கப்பட்ட மூலிகைப் பொட்டலங்களில் 2008இல் கண்டுபிடிக்கப்பட்டது. உலர்ந்த இலையின்மேல் இம்மருந்து தெளிக்கப்படுகிறது. தெளிப்பு சீராக அமையாமையால், ஒரே பொட்டலத்தில் ஓரிடத்தில் குறைந்தும் மற்றோரிடத்தில் பன்மடங்கு மிகுந்தும் காணப்படும். மேலும், கஞ்சாவின் போதைச்சத்து அவ்வேற்பிகளை ஓரளவே தூண்ட, இவற்றுட் பல முழுமையாகத் தூண்டுகின்றன. வலிப்பு, சித்தப்பிரமை, சிறுநீரகச் சிதைவு, சிலவேளை மரணமும் விளைகின்றன. 2018இல் இல்லினாய் மாநிலத்தில் எலிப்பாஷாணம் கலந்த சரக்கைப் புகைத்தோர் குருதி உறையாமல் துன்புற்றனர், சிலர் மாண்டனர். இதனை அயல்நாட்டுச் செய்தியென ஒதுக்குவோர் நம் அண்டை மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியை எண்ணிப் பார்க்க. 2024 ஜூனில் அங்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் மாண்டனர். அவருள் எவரும் மெத்தனாலைக் கேட்டு வாங்கவில்லை.

இனி, சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவைச் செடியைக் கொண்டே வரையறுக்கிறது: பிசின் சரஸ், பூந்தலை கஞ்சா. ஆய்வுக்கூடச் சேர்மம் அவ்வரையறையுள் அடங்காது. மனமயக்கப் பொருள்களின் அட்டவணையில் பெயர் ஏறினால்தான் அது அச்சட்டத்திற்கு உட்படும். அட்டவணையில் சேர்க்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் ஜே.டபிள்யூ.எச்.-018 முதலியன 2015இல் சேர்க்கப்பட்டன. ஆனால் ஒரு சேர்மம் தடையுற்றதும் அதன் அமைப்பைச் சிறிது மாற்றி வேறொன்றை ஆக்கிவிடுகின்றனர். 'தடை செய்யப்படாதது' என்னும் சொல்லுக்குப் பலவேளை 'இன்னும் பெயரிடப்படாதது' என்பதே பொருள். பொட்டலத்துள் இருப்பது எது என்று வாங்குவோனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பவும் இயலாது. குற்றமனம் உண்டென்றே நீதிமன்றம் கொள்ளும், இன்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவனுடையது என்கிறது 35ஆம் பிரிவு.

கொரிந்து சபையாரும் அனுமதி உண்டா என்பதோடு நின்றனர். பவுலோ பயன் யாது, அடிமைப்படுவது யார் என்று மேலும் கேட்டார். நம் வாலிபரிடத்தும் உரையாடலை அங்குத் தொடங்கலாம்.

குடும்பத்தின் மானம் கருதி மகனை மறைத்து வைக்கும் பெற்றோர்க்கு ஆயர் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிமைப்பட்டவர், உட்கொண்டமைக்காகவோ சிறு அளவு வைத்திருந்தமைக்காகவோ குற்றஞ்சாட்டப்படினும், தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கினின்று விலக்களிக்க 64-அ பிரிவு இடந்தருகிறது. சிகிச்சையை முடிக்காவிடில் அவ்விலக்கு நீக்கப்படலாம். 14446 என்னும் தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். கஞ்சாவைக் கண்டறியும் வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் இச்சேர்மங்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஆதலால் சோதனையில் ஒன்றுமில்லை என்று ஆறுதல் கொள்ளாமல், புகைத்தது இன்னதென்று மருத்துவரிடம் மறையாது உரைக்கச் செய்தல் வேண்டும்.