மறதியைத் தள்ளிப்போட பி.பி.யைக் கவனிங்க!

"வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது இயல்புதான். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படியல்ல. 'டிமென்ஷியா' எனும் மறதி நோயின் அறிகுறியாக அவை இருக்கலாம்.

டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால், உலக அளவில் சுமார் 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அக்குழு. அவற்றில் சில இதோ:

பி.பி., சுகர்: இரண்டும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லப் பழுதாகும். வலி தெரியாது. அதனால்தான் பலரும் "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீங்க. 40 வயதிலிருந்தே கவனம் தேவை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வேளை தவறாமல் சாப்பிட போனில் அலாரம் வையுங்கள். சமையலில் மட்டுமல்லாமல் ஊறுகாய், அப்பளம், கருவாட்டிலும் உப்பு இருக்கிறது. எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும்.

காது: டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா அப்பா? காது மந்தமானால் பேச்சு குறையும், ஆள் ஒதுங்கிவிடுவார், மூளைக்கும் வேலை குறையும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்க. கண் பரிசோதனையும் அவசியம்.

நடை: வாரம் 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும்.

தலை: தலைக்காயமும் அந்தப் பட்டியலில் உண்டு. பக்கத்துக் கடைக்குப் போனாலும் ஹெல்மெட் போடுங்க.

புகை, மது: விட்டுவிடுவதே நல்லது.

பேச்சு: பெரியவர்களைத் தனியே விடாதீங்க. தினமும் உட்கார்ந்து பேசுங்கள்.

மறதி அதிகமானால் நாமே முடிவு கட்ட வேண்டாம். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தாமதிக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.